எந்த நரம்பு?

2021 தை மாதத்தை டெல்டாக்காரர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். பொங்கலை ஒட்டிக் கொட்டிய மழையில், அறுப்புக்கு நின்ற சம்பாப் பயிர் படுத்துவிட்டது. திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடையில் எங்களுக்கு ஒன்பது மா நிலம். சி.ஆர். 1009 நெல் ரகம் போட்டிருந்தோம். கதிர் தண்ணீரில் கிடந்து முளைக்க ஆரம்பித்திருந்தது. செயின் போட்ட அறுப்பு மெஷின்கூட இறங்க முடியாத சேறு. பள்ளமாக இருந்த பகுதியை மட்டுமாவது கையால் அறுத்துக் கரையேற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். ஆள் பற்றாக்குறை, நானும் அரிவாளை எடுத்தேன்.

மெஷின் வந்த பிறகு என் அறுப்பு வேலை எல்லாம் வயலின் மூலை அறுப்போடு சரி. கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதிலும் சாய்ந்த பயிரை அறுப்பது வேறு வித்தை. இடது கையால் வாரித் தூக்கி, இறுக்கிப் பிடித்து, கீழே கொடுத்து இழுக்க வேண்டும். ஈரத் தாளில் கருக்கரிவாள் வழுக்கியது. இடது கை மோதிர விரல், சுண்டு விரல் இரண்டின் அடிப்பக்கமும் ஒரே இழுப்பில் கிழிந்தன. வலி அப்போது தெரியவில்லை. தண்ணீர் சிவந்ததைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினேன்.

பக்கத்து நிரையில் அறுத்துக்கொண்டிருந்த பெரியம்மா வரப்பிலிருந்து வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினார். பக்கத்து ஊர் சின்ன கிளினிக்கில் கழுவி, ஏழு தையல் போட்டு, டி.டி. ஊசி போட்டு அனுப்பினார்கள். கிளம்பும்போது கேட்டேன், "நரம்பு ஏதும் அறுபட்டிருக்கா?"

"நரம்பு ஒண்ணும் அறுபடலை. பயப்படாதீங்க."

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி பதினோரு நாள் போனது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சொன்ன நரம்பு வேறு, நான் கேட்ட நரம்பு வேறு. நம் பேச்சில் ரத்தம் ஓடும் நாளத்துக்கும் நரம்பு என்றுதான் பெயர், உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புக்கும் அதே பெயர், விரலை இழுக்கும் நாணுக்கும் அதே பெயர். ஊசி போடும் நர்ஸ் "நரம்பே கிடைக்கலை" என்பார். வாதம் வந்தவரைப் பார்த்து "நரம்பு தளர்ச்சி" என்போம். கழுத்து திரும்பவில்லை என்றால் "நரம்பு பிடிச்சுக்கிச்சு". போதாததற்கு வீணையின் தந்தியும் நரம்புதான். அவர் ரத்தம் நின்றதைப் பார்த்துச் சொன்னாரோ என்னவோ. விரலை மடக்கச் சொல்லி அவரும் பார்க்கவில்லை, மடக்கிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. பெரிய கட்டு போட்டிருந்தார்கள், வலியும் இருந்தது. மடங்காததற்குக் கட்டுதான் காரணம் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். காயம் அழகாக ஆறியிருந்தது. இரண்டு விரலும் மட்டும் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றன. "வீக்கம் வடிஞ்சா சரியாயிடும்" என்றார்கள். தஞ்சாவூரில் ஆட்டோ ஓட்டும் என் மச்சான் போனில் இதைக் கேட்டதும் திட்டித் தீர்த்துவிட்டார். மறுநாள் மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூருக்கு பஸ். வடுவூர் ஏரியைத் தாண்டும்போது வெளியே பறவைக் கூட்டம். நானோ மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டு போனேன்.

கைக்கென்றே வைத்தியம் பார்க்கும் அந்த டாக்டர் முதலில் காயத்தைத் தொடவே இல்லை. "கையை மடியில மல்லாத்தி வெறுமனே போடுங்க" என்றார். நீங்களும் இப்போது போட்டுப் பாருங்கள். எந்த முயற்சியும் செய்யாமலே விரல்கள் தாமாகக் கொஞ்சம் மடங்கியிருக்கும். ஆள்காட்டி விரல் குறைவாக, பாம்பு விரல் இன்னும் கொஞ்சம், சுண்டு விரல் எல்லாவற்றையும்விட அதிகமாக, படிப்படியாக. என் கையில் அந்தப் படி பாம்பு விரலோடு முடிந்துவிட்டது. மோதிர விரல் பாதியில் நின்றது. சுண்டு விரல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு இதுவே போதும், இருந்தாலும் பார்த்துடுவோம்" என்றார். நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னார். இரண்டு விரலிலும் அசைவில்லை. பிறகு மற்ற விரல்களை எல்லாம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, காயம்பட்ட விரலை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். மோதிர விரலின் நடு மூட்டு கொஞ்சம் மடங்கியது, சுண்டு விரலில் அதுவும் இல்லை. கடைசியாகக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியின் இரண்டு ஓரத்தையும் பஞ்சால் தொட்டார். சுண்டு விரலின் வெளி ஓரத்தில் அவர் தொட்டது எனக்குத் தெரியவில்லை.

மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எந்த மெஷினும் தேவைப்படவில்லை.

அப்புறம்தான் விளக்கினார். கையில் 27 எலும்புகள், அதில் விரல்களில் மட்டும் 14. ஆனால் விரலை மடக்கவோ நீட்டவோ விரலுக்குள் ஒரு தசைகூட இல்லை. வலுவாக மடக்கும் தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், முன்கையில் இருக்கின்றன. ஒரு கையால் மற்ற முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டினால் உள்ளே தசை புரள்வது தெரியும். திருவாரூர்த் தேர் மாதிரிதான். இழுக்கிற கூட்டம் எங்கோ தூரத்தில், நகர்கிற தேர் இங்கே, நடுவில் வடம். அந்த வடம்தான் தசைநாண்.

கட்டை விரல் தவிர்த்து, ஒவ்வொரு விரலுக்கும் மடக்குகிற வடம் இரண்டு. மேலாக ஓடுவது நடு எலும்பில் போய்ப் பற்றுகிறது. அடியில் ஓடுவது நுனி எலும்பு வரை போகிறது. அடியில் இருப்பது எப்படி மேலே இருப்பதைத் தாண்டி நுனிக்குப் போகும்? மேல் நாண் கவட்டை மாதிரி இரண்டாகப் பிளந்து வழிவிடுகிறது, அடி நாண் அந்தக் கவட்டைக்குள் நுழைந்து போகிறது. இரண்டும் ஒரே உறைக்குள், சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி ஓடுகின்றன. எலும்பை விட்டு எழும்பாமல் இருக்க, தூண்டில் கழியில் இருப்பது போல வளையங்கள் உண்டு. அந்த வளையம் போனால், விரலை மடக்கும்போது நாண் வில்லின் நாணைப் போலத் தோலுக்கடியில் விடைத்துக்கொண்டு நிற்குமாம். பெயர் வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

எனக்கு உறுத்திக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டேன். காயத்தைத் திறந்து கழுவித் தைத்தவர் கண்ணுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? டாக்டர் ஒரு பேனாவை என் நல்ல கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். "வெட்டு விழுந்தப்ப உங்க கை இப்படி மூடியிருந்துச்சு. பயிரைப் பிடிச்சிருந்தீங்க. தோலும் நாணும் ஒரே இடத்துல அறுந்துச்சு. இப்ப விரலை நீட்டுங்க. நாண் நுனிப்பக்கமா நகர்ந்து போயிடும், தோல் அங்கேயேதான் இருக்கும். அதனால காயத்துக்குள்ள பார்த்தா அறுந்த முனை தெரியாது. ஒரு முனை விரலுக்குள்ள முன்னாடி போயிருக்கும், இன்னொரு முனையைத் தசை உள்ளங்கைக்கு இழுத்துட்டுப் போயிருக்கும்." அறுப்பறுக்கிற கை, அரிவாள்மணையில் பூசணி நறுக்குகிற கை, உடைந்த கண்ணாடி டம்ளரைப் பிடித்திருந்த கை எல்லாம் மூடிய கைதான். காயம் ஓரிடம், சேதம் வேறிடம். உள்ளே பார்த்து ஒன்றுமில்லை என்பதைவிட, மடக்கிப் பார்த்துச் சொல்வதுதான் நம்பகமானது. பாதி மட்டும் அறுந்த நாண் இன்னும் ஏமாற்றுமாம். விரல் மடங்கும், ஆனால் எதிர்த்துப் பிடித்தால் வலிக்கும், வலு இருக்காது. சில நாள் கழித்து ஒரு பக்கெட்டைத் தூக்கும்போது முழுதாக அறுந்துபோவதும் உண்டு.

எனக்கு வெட்டு விழுந்த இடத்துக்கு ஒரு பழைய பெயர் உண்டு. உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடு எலும்பு வரை உள்ள பகுதி. குறுகலான உறைக்குள் இரண்டு நாணும் நெருங்கி ஓடுவதால், அங்கே தைத்தால் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும் என்று அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் தொடவே பயந்தார்களாம். ஸ்டெர்லிங் பனெல் என்ற அமெரிக்க மருத்துவர் அதை யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றார். "நம்ம பாஷையில புறம்போக்கு" என்று டாக்டர் சிரித்தார். பட்டா நிலத்தையே காப்பாற்ற முடியாமல் போன மாதத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே ஆபரேஷன். அறுந்து பன்னிரண்டாம் நாள். இரண்டு வாரத்துக்குள் வந்ததால் நேரடியாக இணைக்க முடிந்தது. இன்னும் தள்ளிப்போயிருந்தால் தசை சுருங்கி, உறை அடைபட்டு, முனையும் முனையும் எட்டாமல் போயிருக்கும். அப்போது முதலில் ஒரு சிலிக்கான் கம்பியை வைத்துப் பாதை உண்டாக்கி, மாதக்கணக்கில் காத்திருந்து, உடம்பில் வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து வைக்க வேண்டும். இரண்டு ஆபரேஷன், அதன் பிறகும் பலன் குறைவு.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. கையில் மட்டும் மரத்துப்போகும் ஊசி. தசையை அசைக்க முடியும், வலி மட்டும் இல்லை. உள்ளங்கையில் இன்னொரு இடத்தில் திறந்துதான் ஓடிப்போன முனைகளைப் பிடித்தார்கள். நடுவில் டாக்டர் திரையை விலக்கிக் காட்டினார். ஈரமான வாழைநார் மாதிரி வெள்ளையாக, மினுமினுப்பாக இருந்தது என் நாண். முடிச்சுப் போட்டுவிட்டால் ஆயிற்றே, இவ்வளவு நேரம் ஏன் என்று கேட்டேன். "பாவாடை நாடா அறுந்தா முடிச்சுப் போட்டுப் பாருங்க, இடுப்பு மடிப்புக்குள்ள ஓடுமா?" என்றார். தைத்த இடம் தடித்தால் வளையத்தில் சிக்கும், மெலிதாகத் தைத்தால் பிரியும். தைத்து முடித்ததும், "இப்ப மடக்குங்க" என்றார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு சுண்டு விரல் மடங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் வழியில்லை, ஒரு கை மேஜையில் இருந்தது.

ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது. பிசியோதெரபிப் பொண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெந்நீரில் போட்டால் இளகும் ஒரு பிளாஸ்டிக் தகட்டை என் புறங்கையில் ஒத்தி, கையின் அளவுக்கே ஒரு கூரை செய்தாள். மணிக்கட்டை முழுதாக நிமிர்த்தவோ, விரலை அந்தக் கூரையைத் தாண்டி நீட்டவோ முடியாது. "அண்ணா, ஆட்டாம வச்சிருந்தா நாண் உறையோட ஒட்டிக்கும். இழுத்தா அறுந்துடும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நாம போகணும்."

வழி இதுதான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும், வலது கையால் இடது விரல்களை மெதுவாக மடக்கிவிட வேண்டும், சொந்த பலத்தில் மடக்கக் கூடாது. பிறகு கூரையைத் தொடும்வரை தானாக நீட்ட வேண்டும். பத்துத் தடவை. நான்கு வாரம் கழித்து லேசாகச் சொந்தமாக மடக்கலாம். ஆறு வாரத்தில் கூரை கழலும். கனமான வேலைக்குப் பன்னிரண்டு வாரம். இது என் டாக்டர் எனக்குச் சொன்ன கணக்கு. தைத்த விதத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும், என் கணக்கை வைத்து நீங்கள் ஆட்டிப் பார்க்காதீர்கள்.

முதல் மூன்று வாரத்திலேயே வலி குறைந்துவிடும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. நாணுக்குள் ஒட்டு இன்னும் சேறு பதம்தான், ஆனால் தோலைப் பார்த்தால் எல்லாம் ஆறியது போலத் தெரியும். என்னோடு தெரபிக்கு வந்த ஒரு தச்சர் நான்காம் வாரம் குளியலறையில் பக்கெட்டைத் தூக்கினார். 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி ஆபரேஷன்.

என் தப்பு வேறு மாதிரி. அவர் கதையைக் கேட்டு அளவுக்கு மீறிப் பயந்துவிட்டேன். மணிக்கு ஒரு தடவை என்பதை நாளைக்கு மூன்று தடவை ஆக்கினேன். இரவில் விரல்களைக் கூரையோடு சேர்த்து நீட்டிக் கட்டச் சொன்ன பட்டையை, அரிக்கிறது என்று அவிழ்த்துவிட்டுத் தூங்கினேன். சுண்டு விரலின் நடு மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டது. இன்றுவரை அது முழுதாக நீளாது. பிடிவாதமாக உட்கார்ந்து செய்த மோதிர விரல் கிட்டத்தட்டப் பழையபடி ஆகிவிட்டது. பாதி பலன் தையலில், பாதி பலன் திண்ணையில் என்று வைத்துக்கொள்ளலாம். மரத்துப்போன ஓரத்தின் நரம்பையும் டாக்டர் தைத்திருந்தார். உணர்ச்சி நரம்பு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளருமாம். வைகாசி வாக்கில் நுனியில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தது. அதுவரை சூடான டம்ளரைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

சுண்டு விரல் போனால் என்ன, எழுதக் கொள்ள மற்ற விரல் இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். மேட்டூர் திறந்து ஆனியில் தண்ணீர் வருவதற்குள் வரப்பு அண்டை வெட்ட மண்வெட்டியைப் பிடித்தபோது புரிந்தது. பிடி கைக்குள் நிற்கவில்லை. கொத்தும் ஒவ்வொரு தடவையும் அடிப்பக்கம் ஆடியது.

இதையும் அந்தப் பொண்ணுதான் விளக்கினாள். நேப்பியர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1956இல் கையின் பிடியை இரண்டாகப் பிரித்தாராம். ஒன்று நுட்பப் பிடி. ஊசியில் நூல் கோர்ப்பது, பேனா பிடிப்பது, ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பதம் பார்ப்பது. அதற்குக் கட்டை விரலும் ஆள்காட்டியும் பாம்பு விரலும் போதும். இன்னொன்று வலுப் பிடி. மண்வெட்டி, கடப்பாரை, உலக்கை. அதில் மோதிர விரலும் சுண்டு விரலும்தான் பூட்டு. உள்ளங்கையில் ஆள்காட்டி, பாம்பு விரல்களின் அடி எலும்புகள் அசையாமல் நிற்கும், மோதிர, சுண்டு விரல்களின் அடி எலும்புகள் மட்டும் முன்னுக்கு வளையும். முஷ்டியை மெதுவாக இறுக்கிக்கொண்டே புறங்கையைப் பாருங்கள், சுண்டு விரல் பக்கத்து முட்டி கீழே இறங்குவது தெரியும். கை பிடியைச் சுற்றிக்கொள்வது அதனால்தான். ஆள்காட்டி விரலைத் தூக்கிவிட்டுச் சுத்தியலைப் பிடித்து அடிக்கலாம். சுண்டு விரலையும் மோதிர விரலையும் தூக்கிவிட்டு அடித்துப் பாருங்கள்.

இன்னொரு விசித்திரம், அடிபடாத பாம்பு விரலும் முழுதாக மடங்க மறுத்தது. பாம்பு, மோதிர, சுண்டு விரல்களின் அடி நாண்கள் முன்கையில் கிட்டத்தட்ட ஒரே தசையிலிருந்து கிளம்புகின்றன. ஒரே நுகத்தில் பூட்டிய மாடு மாதிரி, ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். மோதிர விரல் இளக இளக இதுவும் இளகியது.

பிடி வலுவைக் கருவியில் அளந்தார்கள். மூன்றாம் மாதம் வலது கை 42 கிலோ, இடது 14. ஒரு வருஷத்தில் இடது 31க்கு வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. மீதியைத் தந்திரத்தில் சமாளிக்கிறேன். மண்வெட்டிப் பிடியின் நுனியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினேன். முழுதாக மடங்காத விரலுக்கு மெல்லிய பிடி எட்டாது, தடித்த பிடி எட்டும். மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னுக்கு நிமிர்த்தி வைத்தால்தான் முழு வலு வரும் என்பதும் பழகிவிட்டது. சந்தேகம் இருந்தால் மணிக்கட்டை உள்பக்கமாக முழுதாக மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், நல்ல கையிலும் இறுக்க முடியாது. குழந்தை கையில் பிடித்த கத்தரிக்கோலைப் பாட்டிமார் இப்படித்தான், மணிக்கட்டை மடக்கி வாங்குவார்கள்.

இப்போது எங்கள் வயலில் யாருக்காவது கையில் வெட்டுப்பட்டால் தழை, காபித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்க விடுவதில்லை. சுத்தமான தண்ணீர், சுத்தமான துணி, அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கு. ரத்தம் நின்றதும் மடியில் கையைப் போடச் சொல்லிப் பார்ப்பேன். தைக்கிறவரிடம் "நரம்பு அறுபட்டிருக்கா" என்று கேட்காதே, "ஒவ்வொரு விரலும் நுனிவரை மடங்குதான்னு பாருங்க, ரெண்டு ஓரமும் உணர்ச்சி இருக்கான்னு பாருங்க" என்று கேள் என்று சொல்லி அனுப்புவேன். ஒரு விரல் படி தவறி நீட்டிக்கொண்டிருந்தால் நேராகத் தஞ்சாவூர். வண்டிச் செலவு வீணானாலும் பரவாயில்லை.

போன வருஷம் மூலை அறுப்பின்போது, அன்றைக்கு முந்தானை கிழித்துக் கட்டிய அதே பெரியம்மாவின் கையைத் தற்செயலாகக் கவனித்தேன். டீ டம்ளரைப் பிடித்திருந்தார். இடது சுண்டு விரல் மட்டும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அதை அவர் டீ குடிக்கிற ஸ்டைல் என்றே நினைத்திருந்தேன். வாங்கி மல்லாத்திப் பார்த்தேன். விரலடியில் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு.

"எப்ப பட்டுச்சு பெரியம்மா?"

"மூத்தவன் வயித்துல இருக்கப்ப. குறுவை அறுப்புல."

நுனியை மடக்கச் சொன்னேன். ஓரத்தைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டேன். டாக்டர் மாதிரி எல்லாம் செய்து முடித்துவிட்டு, அடி நாண், மேல் நாண் இரண்டுமே போயிருக்கிறது என்றேன். கையை இழுத்துக்கொண்டார்.

"நாலு புள்ளை வளத்து, நாப்பது வருஷம் நாத்து நட்ட கையிடா இது. இப்ப வந்து அறுந்துபோச்சுங்கிற. போ, போய் கட்டைத் தூக்கு."